பேர் வெட்டாத கிண்ணங்கள்

எங்க வீட்டுல மூணு பீங்கான் கிண்ணம் இருந்துச்சு. உள்பக்கம் நீல மீன் போட்டது. மலேயா ரப்பர் தோட்டத்துல வேலை பார்த்த பெரியப்பா ஊருக்கு வந்தப்ப வேட்டியில சுத்திக் கொண்டாந்தது. அதுல ஒரு நாளும் நாங்க கஞ்சி குடிச்சதில்ல. அப்பா மண்சுவத்துல பலகை அடிச்சு, வாசல்ல நிக்கிறவங்க கண்ணுல முதல்ல படுற மாதிரி மூணையும் சாய்ச்சு வச்சிருந்தார். கூரை ஒழுகும், கிண்ணம் மட்டும் பளபளன்னு இருக்கும். அவருக்கு அப்படி ஒரு வீம்பு.

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்க ஊர். மெட்ராஸ்ல ஆட்சி மாறிடுச்சுன்னு கொடி கட்டினாங்க. எங்க தெருவுல என்ன மாறிச்சு? அந்த வருஷ அறுப்புக்கு நாங்க கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டதுக்கு, பண்ணை வீட்டுக்காரங்க வெளியூர் ஆளை இறக்கினாங்க. களத்துல அடிதடி ஆயிடுச்சு. கலவரத்துல எங்க தெரு ஆளுங்க பண்ணை வீட்டுல புகுந்து திருடிட்டாங்கன்னு மறுநாள் புகார். பித்தளை அண்டா, வெள்ளிக் கும்பா, பீங்கான் கிண்ணம்னு பட்டியல் வேற. வீடு வீடா போலீஸ் சோதனை போடுதுன்னு சேதி வந்துச்சு.

அம்மா கிண்ணங்களை வைக்கப்போருக்குள்ள சொருகப் பார்த்தாங்க. அப்பா விடல.

"நம்ம பொருளை நாமளே ஒளிச்சா திருட்டுப் பொருள்னு ஆயிடும். இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

எனக்கு அப்ப பத்து வயசு. சரியான அதிகப்பிரசங்கி. எங்க பித்தளைச் சொம்புல அப்பா பேரைப் புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். பேர் இருந்தா நம்மளுது, கிண்ணத்துல பேர் இல்லியே? அவங்க ரெண்டு பேரும் வாசல்ல நின்ன நேரம், ஒரு ஆணியை எடுத்துக்கிட்டு, கிண்ணத்தைக் கவுத்து அடியில அப்பா பேரை வெட்ட உக்காந்தேன். பீங்கான்ல ஆணி எங்க இறங்கும்? வழுக்கி வழுக்கி, அடியில இருந்த சிவப்புச் சீன முத்திரைதான் தேஞ்சு போச்சு. மூணுலயும். அழுகையை அடக்கிக்கிட்டுப் பலகையில திருப்பி வச்சுட்டேன்.

ஏட்டு குனிஞ்சு உள்ள வந்தார். ஒரு கிண்ணத்தை எடுத்துக் கவுத்து, அடியை விரலால தடவினார்.

"அடையாளத்தைச் சுரண்டிட்டா பண்ணை வீட்டுக் கிண்ணம் உன்னுதாயிடுமா?"

அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. திரும்பி என்னைப் பார்த்தார். என் விரல்ல சிவப்புப் பொடி ஒட்டியிருந்துச்சு. கையைப் பாவாடைக்குள்ள மறைச்சேன். 

"நான்தாங்க சுரண்டினேன்"னார் அப்பா.

கிண்ணங்களோட அவரையும் கூட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கு அம்மாகிட்ட சொல்லிடணும்னு தினம் நினைப்பேன். அவங்க முகத்தைப் பார்த்தா பயம் வந்துடும். ரெண்டு மாசம் கழிச்சு, உளுந்து பறிக்கிற சமயத்துலதான் அப்பாவை விட்டாங்க. பண்ணை வீட்டு அம்மாவே, "எங்க கிண்ணத்துல ரோசாப்பூ இருக்கும், இது மீனு"ன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களாம். போலீஸ் அடிச்ச அடியில, வந்தவருக்கு வலது காது கேக்கல. முதல் வேலையா கிண்ணங்களைத் துடைச்சுப் பழைய இடத்துலயே சாய்ச்சு வச்சார். என்னை ஒரு வார்த்தை கேக்கல.

எனக்குக் கல்யாணம் ஆகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்புற அன்னைக்கு, எனக்குக் குடுக்க அப்பா ஒரு கிண்ணத்தைத் துண்டுல சுத்த எடுத்தார். கவுத்து அடியைப் பார்த்தார்.

"அந்த ஆணி மழுங்கல் புள்ள. என்கிட்ட கேட்டிருந்தா கூரா ஒண்ணு தந்திருப்பேன்"னு சிரிச்சார்.

"மன்னிச்சுடுங்கப்பா"ன்னேன். இத்தனை வருஷம் கழிச்சு வாய் திறந்தவ, அவரோட வலது காதுப் பக்கம் நின்னு சொல்லிட்டேன்.