செல்லக்கனி நிரப்பிய ஒன்பதாம் கட்டம்

ரத்தம் உடம்பில் எந்த உறுப்பு?

1993ஆம் வருடம் ஆனி மாதத்தில், ராஜபாளையத்தில் ஒரு தெருக்குழாயடியில் செல்லக்கனி இந்தக் கேள்வியைக் கேட்டாள். அவளுக்குப் பின்னால் குடத்தோடு நின்றிருந்த, இதை எழுதுபவளுக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. உயிரியலில் நல்ல மதிப்பெண். இதயம், நுரையீரல், கல்லீரல் எல்லாம் படம் வரைந்து கோடிழுத்துப் பெயர் எழுதத் தெரியும். ரத்தத்துக்குக் கோடிழுக்கச் சொல்லி எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை.

“பிளஸ் டூ படிச்ச ஒனக்கும் தெரியலையா? அப்பச் சரி, ஆபீஸ்காரங்களக் குறை சொல்லக் கூடாது” என்று செல்லக்கனி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

செல்லக்கனிக்கு அப்போது இருபத்தாறு வயது. தளவாய்புரத்துக்காரி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூலைக் கூம்புக் கட்டைகளில் ஏற்றும் கோன் சுற்றும் பிரிவில் எட்டு வருடமாக வேலை. ஓடிக்கொண்டிருக்கும் நூல் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் அந்த வேலை. புருசன் பொன்னுராஜ், ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் டிரைவர். கல்யாணமாகி மூன்று வருடம். குழந்தை இல்லை. ஆனால் வேண்டும் என்று இருவருக்கும் ஆசை இருந்தது. இந்த ஆசையை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஐந்து வயதிலேயே மூக்கில் ரத்தம் ஒழுகும். ‘சூடு’ என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். பதினோரு வயதில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று நாள் ரத்தம் நிற்கவில்லை. பல்லைப் பிடுங்கியவரைத் திட்டினார்கள். பெரிய மனுசி ஆனபோது இருபது நாள் போனது. கண்ணேறு என்று சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போய், மலை மேல் இருக்கும் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டார்கள். ஒரே ரத்தம்தான். சூடு, பல் டாக்டர், பொறாமைக்காரர்கள் என்று குற்றவாளிகள் மட்டும் மூன்று பேர்.

கல்யாணத்துக்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் போக ஆரம்பித்து, மில்லில் நின்றபடியே ஒருநாள் மயங்கி விழுந்தாள். மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் ரத்தத்தைச் சோதித்து விசயத்தைச் சொன்னார்.

“ரத்தம் உறையறதுக்குன்னு ஒரு சத்து இருக்கு. உனக்கு அது பிறவியிலேயே ரொம்பக் கம்மி. கர்ப்பப்பையில ஒரு கோளாறும் இல்லம்மா.”

மாதாமாதம் போக்கு அதிகமாகும் இரண்டு நாள் மதுரையில் படுத்து, பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் நீரைப் பை பையாக ஏற்ற வேண்டும். ஏற்றினால் எல்லாரையும்போல வேலைக்குப் போகலாம், பிள்ளையும் பெறலாம் என்றார் டாக்டரம்மா. மில் கூலியில் ஆகிற காரியம் இல்லை. ஆனால் செல்லக்கனி கவலைப்படவில்லை. நூற்பாலைத் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக் கழகம் என்று ஒன்று இருந்தது. எட்டு வருடமாக அவள் சம்பளத்தில் சந்தா பிடித்துவந்தது. பிடிப்பதில் ஒரு மாதம்கூட அது தவறியதில்லை.

கழகத்தின் விண்ணப்பப் பாரத்தைச் சங்க ஆபீஸில் வைத்து நிரப்பினார் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. இருபது வருடமாகத் தொழிற்சங்கத்தில் இருப்பவர். மில் வாசலில் மைக் பிடித்தால் முதலாளியின் ஏழு தலைமுறையையும் தொட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

“ஒம்பதாம் கட்டம். ‘பாதிக்கப்பட்ட உறுப்பு, ஒன்றை மட்டும் குறிப்பிடவும்’னு இருக்கு. என்னம்மா எழுத?”

“ரத்தம்னு எழுதுங்க அண்ணாச்சி.”

அவர் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இருபத்துநான்கு உறுப்புகள் அச்சடித்த பட்டியல். பல் இருந்தது. கட்டைவிரல் இருந்தது. நகம்கூட இருந்தது. ரத்தம் இல்லை.

“லிஸ்ட்ல இல்லையேம்மா.”

“அப்ப ரத்தம் எங்கிட்டு வருதோ அத எழுதுங்க.”

மைக்கில் முழங்கிய வாய் வறண்டுவிட்டது. அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பேனாவை உதறினார். “வயிறுன்னு போட்டுருவோம். மரியாதையா இருக்கும்” என்றார்.

மரியாதையான பதில் ஒரு மாதத்தில் வந்தது. ‘வயிற்றில் நோய் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. கோரிய சிகிச்சை மறுக்கப்படுகிறது. ஜீரண மருந்து ஒரு பாட்டில் அனுமதிக்கப்படுகிறது.’

பக்கத்து மிசினில் நிற்கும் மாஜிதா அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தாள். “குடிச்சுத்தான் பாரேன்டி. ஒன் ரத்தத்துக்குச் செரிமானம் ஆகாம கெடக்கோ என்னமோ!”

மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இந்த முறை செல்லக்கனி அண்ணாச்சியைத் தேடவில்லை. எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், ஒன்பதாம் கட்டத்தில், ‘கருப்பை’ என்று தானே எழுதினாள். டாக்டரம்மாவின் சீட்டையும் குத்தி அனுப்பினாள். சீட்டை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கட்டத்தை மட்டும் படித்திருந்தார்கள்.

‘மாதாந்திரப் போக்கு பெண்களுக்கு இயற்கையானது, நோய் அல்ல. எனவே சிகிச்சை மறுக்கப்படுகிறது. மனுதாரர் விரும்பினால், கருப்பையை அகற்றும் அறுவை சிகிச்சைக்குக் கழகம் முழு அனுமதி அளிக்கிறது.’

பொன்னுராஜ் அதை மூன்று முறை படித்தான். “இயற்கைங்கான். பொறவு அத எதுக்கு எடுக்கச் சொல்லுதான்? அவன் வீட்டுல மழை பெஞ்சா கூரையப் பிரிச்சிருவானோ?”

செல்லக்கனி சிரிக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

“உனக்குக் கத்தி வைக்கணும்னாலும் இதே பைதான் வேணும். இன்னும் நிறைய வேணும். பை இல்லாம எவனாவது கத்தி வச்சா நீ மேசையை விட்டு எந்திரிக்க மாட்ட. எவன் சொன்னாலும் படுத்துராத.”

ஆக, பைக்கு அனுமதி இல்லை. பை இல்லாமல் சாவதற்கு முழு அனுமதி உண்டு. மிச்சம் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் நேரில் நடக்கும் கடைசி விசாரணை. அதிலும் மறுத்துவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மில்லில் அவளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. முந்தானையை எடுப்பதற்குள் இரண்டு சொட்டு, வெள்ளை வெளேரென்று சுற்றிக்கொண்டிருந்த கோனில் விழுந்துவிட்டது. சூப்பர்வைசர் பேச்சிமுத்து ஓடிவந்தார். கோனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். செல்லக்கனியைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் மெமோ வந்தது.

“எத்தனாவது மெமோட்டி இது?” என்று கேட்டாள் மாஜிதா.

“அஞ்சோ ஆறோ. டிரங்குப் பெட்டியில சேலைக்கடியில வச்சிருக்கேன். வீட்டுக்காரவுக பாத்தா வருத்தப்படுவாகன்னு காட்டல.”

“மூக்கு ஒழுகுனதுக்கு மெமோ குடுக்குற ஒரே மில்லு நம்ம மில்லுதான்டி. அதுலயும் தேதி, நேரம், கையெழுத்து, சீலு! கிரயப் பத்திரம்கூட இம்புட்டுச் சுத்தமா இருக்காது.”

செல்லக்கனியின் கை முடிச்சுப் போடுவதை நிறுத்தியது. மெமோவை மறுபடி பிரித்துப் படித்தாள். ‘தங்கள் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தால் உற்பத்திப் பொருளில் கறை ஏற்படுத்தியமைக்கு விளக்கம் தரவும்.’ இத்தனை வருடமாக மூக்கு ரத்தம் சூட்டின் கணக்கிலும், மாத ரத்தம் வெட்கத்தின் கணக்கிலும் கிடந்தன. இரண்டும் ஒரே நூல். அறுந்த முனை எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கழகத்தின் ஆபீஸ் ஒரு சைக்கிள் கடை மாடியில் இருந்தது. செல்லக்கனிக்கு அன்று போக்கு இரண்டாம் நாள். படியேறும்போதே கண் இருட்டியது. கூட வந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி அரைக் கிலோ பால்கோவா வாங்கி வைத்திருந்தார். விசாரணைக் குழுவில் மூன்று பேர். கழகத்தின் தலைவர், கழகத்தின் டாக்டர், மில் நிர்வாகத்தின் சார்பில் லேபர் ஆபீசர் சோலைராஜ். மூவரும் பால்கோவாவை முதலில் விசாரித்தார்கள்.

தலைவர் விரலைச் செல்லக்கனியின் கோப்பிலேயே துடைத்துக்கொண்டு தொடங்கினார். “அம்மா, உங்களுக்கு இந்த... இந்தத் தொந்தரவு...”

“எந்தத் தொந்தரவு சார்?”

“அதான்... மேற்படி.”

“மேற்படின்னா என்ன சார்?”

தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கருப்பையை எடுக்க ஒரே வரியில் உத்தரவு போட்ட மூன்று ஆண்பிள்ளைகளுக்கு, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் டாக்டர் தொண்டையைச் செருமினார். “இதோ பாரும்மா, எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடும். ஏன் பிடிவாதம் பிடிக்கிற?”

“மூக்குலயும்தான் சார் ரத்தம் வருது. மூக்கையும் எடுத்திருவியளா?”

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“பல் ஈறுல வருது. தாடைய எடுத்திருவியளா? முட்டியில இடிச்சா ஒரு மாசம் கன்னிப்போய்க் கெடக்கு. காலையும் எடுத்துட்டா பொறவு நான் எதுல நின்னு கோன் சுத்த?”

“மூக்குல வருதுன்னு நீ சொன்னா போதுமா? ஆதாரம் வேணும்ல?” என்றார் தலைவர். ஒரு மறுப்புக்கு வழி கிடைத்த தெம்பு குரலில் இருந்தது.

செல்லக்கனி தன் துணிப்பையிலிருந்து ஆறு மெமோவையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். “இந்தா ஆதாரம். கையெழுத்துப் போட்டவுக இங்கனதான் உக்காந்திருக்காக.”

லேபர் ஆபீசர் சோலைராஜுக்குப் பால்கோவா தொண்டையில் நின்றுவிட்டது. ஆறிலும் அவர் கையெழுத்து. “அது... நாங்க கறையைத்தான் பார்த்தோம்” என்றார்.

“கோன்ல ரெண்டு சொட்டு விழுந்தா ஒரு மணி நேரத்துல பேப்பர் வருது. சொட்டுவிட்ட ஆளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்க எட்டு வருசம் பத்தலையா சார்?”

தலைவர் அவசரமாக, கடைசி விசாரணைக்கென்று செல்லக்கனி புதிதாக நிரப்பிக் கொடுத்திருந்த பாரத்தைப் புரட்டி ஒன்பதாம் கட்டத்துக்கு வந்தார். அந்தச் சின்னக் கட்டத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. பின்பக்கத்துப் பட்டியலில் இருந்த இருபத்துநான்கு உறுப்புகளும் அதில் இருந்தன.

“ஒண்ணை மட்டும்தானே குறிப்பிடச் சொல்லியிருக்கு?”

“எதுல ரத்தம் ஓடலையோ அத அடிச்சிருங்க சார். மிச்சத்த விட்டுருங்க.”

தலைவர் உண்மையிலேயே பேனாவைத் திறந்தார். இதுதான் அந்த ஆபீஸின் விசேசம். சட்டப்படி எது சொன்னாலும் செய்வார்கள். மூன்று தலைகளும் பட்டியலின் மேல் குனிந்தன. கண் என்றார் தலைவர், ஓடும் என்றார் டாக்டர். காது, ஓடும். பல்லில் கொஞ்ச நேரம் தகராறு நடந்து, உள்ளே ஓடும் என்று முடிவானது. கடைசியில் டாக்டர் நிமிர்ந்து, “நகத்துல ஓடாது” என்றார். தலைவர் நகத்தை அடித்து, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

செல்லக்கனி கீழே இறங்கிவந்து சைக்கிள் கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுயம்புலிங்கம் அண்ணாச்சி சோடா வாங்கிக் கொடுத்தார். “நான் அன்னைக்கு வயிறுன்னு எழுதியிருக்கக் கூடாதும்மா” என்றார். அதுவரை அவர் சங்கத்தில் பேசிய பேச்சு எல்லாவற்றையும்விட அது நல்ல பேச்சு.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. ‘பாதிக்கப்பட்ட உறுப்புகள்: இருபத்துமூன்று. மதுரையில் சிகிச்சை பெற ஆறு மாதங்களுக்கு அனுமதிக்கப்படுகிறது.’ அதன் நகல் மில்லுக்கும் போனது. இருபத்துமூன்று உறுப்புகள் பாதிக்கப்பட்ட ஒருவர் வேலைக்குத் தகுதியானவர்தானா என்று விளக்கம் கேட்டு மில்லிலிருந்து ஏழாவது மெமோ வந்தது. கழகத்தின் அதே டாக்டரிடம் போய் நின்றாள். அவர் தலையைத் தூக்காமல், ‘பூரண நலம்’ என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். இரண்டு காகிதங்களும் ஒரே கோப்பில் இன்றைக்கும் இருக்கின்றன.

பிறவிக் கோளாறு இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவள் போய் நிரூபிக்க வேண்டும். போகிறாள். பால்கோவா வாங்கிப் போவதில்லை. 1995இல் மதுரையில், பக்கத்தில் நான்கு மஞ்சள் பைகள் தயாராகத் தொங்க, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடுத்துவிடச் சொன்ன கருப்பையிலிருந்துதான் பிறந்தது.

அதே வருடம் கழகம் பாரத்தைத் திருத்திப் புதிதாக அச்சடித்தது. பட்டியலில் ரத்தத்தைச் சேர்த்திருப்பார்கள் என்று செல்லக்கனி ஆசையாகத் திருப்பிப் பார்த்தாள். சேர்க்கவில்லை. நகத்தை எடுத்திருந்தார்கள்.

இதைப் படித்தவர்கள் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டாம். மில்லில், வயலில், பக்கத்து வீட்டில், மாதத்தில் பாதி நாள் போகிறது என்று யாராவது ஒருத்தி வாய்க்குள் சொன்னால், மூக்கிலும் ஈறிலும் வருகிறதா என்று கேளுங்கள். வருகிறது என்றால் செல்லக்கனியின் கதையை அவளுக்குச் சொல்லுங்கள். ரத்தத்தைச் சோதிக்காமல் எவன் படுக்கச் சொன்னாலும் மேசையில் படுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒன்பதாம் கட்டம் சின்னதுதான். நுணுக்கி எழுதினால் எல்லாம் கொள்ளும்.