எனக்கு நானே போடும் கார்டு

விழுப்புரம் பஸ்ஸை விட்டுவிட்டுத் திண்டிவனம் போஸ்ட் ஆபீஸில் நிற்கிறேன். ஊர் ஊராகப் போய், படம் போட்ட போஸ்ட் கார்டில் தபால்தலை ஒட்டி, அந்த ஊர் முத்திரையோடு என் விலாசத்துக்கே அனுப்பிச் சேர்ப்பது என் பைத்தியம்.

கவுன்ட்டரில் இருக்கும் அக்கா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இன்னா தம்பி, நீயே அனுப்பிக்கினு நீயே வாங்கிக்குவியா?"

"கலெக்‌ஷன்க்கா!" என்று ஆரம்பிக்கிறேன். தபால்தலை வருவதற்கு முன்பு இங்கிலாந்தில் கடிதத்தை வாங்குகிறவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும், மனமில்லாதவர்கள் கடிதத்தை அப்படியே திருப்பிவிடுவார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்கிறேன்.

"திருப்பி அனுப்பறதுக்காச்சும் வேற ஒரு ஆளு இருந்தான் இல்ல?" என்கிறார் அக்கா. "யாராச்சும் ஃபிரண்டுக்குப் போடேன்."

சுருக்கென்கிறது. போனில் நூற்றுக்கணக்கில் நம்பர்கள் இருக்கின்றன. ஒருவருடைய கதவு எண்கூட எனக்குத் தெரியாது. கல்லூரி நண்பனைக் கூப்பிட்டு விலாசம் கேட்கிறேன்.

"அட்ரஸா? லொகேஷன் அனுப்புறேன்டா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறான். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து நிற்கிறது. அதைக் கார்டில் எப்படி எழுதுவது?

என் விலாசம் எழுதிய கார்டையே மறுபடி நீட்டுகிறேன். அக்கா மை ஈஷாமல் முத்திரையைப் பதமாக இறக்குகிறார்.

"நீட்டா வுழுந்துச்சு பாரு. பதிலும் நீயே போட்டுக்குவியா?"

இருவரும் சிரிக்கிறோம். எனக்குப் பின்னால் வரிசையில் யாருமில்லை. இருந்தும் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன்.