ஆயில் ஒழுக்கு

காலையில் பல் தேய்க்கும் முன்பே ஜெபமணி காருக்கு அடியில் கிடக்கும் அட்டையை இழுத்துப் பார்ப்பார். இரவில் சொட்டிய ஆயில் கூடுதலா குறைவா என்று பார்த்த பிறகுதான் காப்பி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து சாரம்மாள் இதைப் பார்த்து வருகிறாள். கார் அவருடைய அப்பா ஓட்டியது, ஐம்பத்தாறாம் வருஷத்து மாடல்.

மகள் ரீபாவைக் கல்யாணத்துக்கு அந்தக் காரில் கூட்டிப்போய், கைப்பிடித்து ஆலயத்துக்குள் நடத்திச் செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. ஆலய வாசலில் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள். அதில் ஆயில் சொட்டினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சாரம்மாள்தான் சொன்னாள்.

ஒழுக்கை அடைக்க வேண்டாம் என்று வண்ணார்பேட்டை மெக்கானிக் பாவா தடுத்தார். “பழைய இன்ஜின் ஒழுகத்தான் செய்யும் அண்ணாச்சி. குறைஞ்சா ஊத்திக்கிடுங்க. மாப்பிள்ளை என்ன, காருக்கு அடியில படுத்தா பாக்கப் போறாரு?”

ஜெபமணி கேட்கவில்லை. அவரே இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி, விளிம்பெங்கும் ஒழுக்கடைக்கும் பேஸ்ட்டை அள்ளிப் பூசி மாட்டினார். ஒழுக்கு நின்றது.

கல்யாணத்தன்று ஆற்றுப்பாலத்தின் நடுவில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. சாரம்மாள் மகளை ஆட்டோவில் ஏற்றினாள்.

“கார் கிடக்கட்டும், நீங்க வாங்க.”

“ஓரங்கட்டிட்டு வந்துருதேன். நீங்க போங்க.”

அவர் வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. ரீபாவைத் தாய்மாமன் கைப்பிடித்து அழைத்துப் போயிருந்தார்.

உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்துபோய் ஆயில் சல்லடையை அடைத்ததில் இன்ஜினுக்கு ஆயில் ஏறவில்லை என்று பாவா பிறகு சொன்னார்.

ரீபா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். கார் பாவாவின் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. ஜெபமணி அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.