கோடு போட்ட செக்

சாமுண்டீஸ்வரிக்குக் குமட்டல் என்பதே கிடையாது. சேலையூர்ப் பக்கம் நந்தவனம் அடுக்ககத்தின் மூன்று பிளாக் குப்பையையும் தினமும் வெறுங்கையால் பிரித்துப் போடுகிறவள். டயப்பரோடு பழைய சாம்பாரையும் சேர்த்துக் கட்டி வைக்கிற மகராசிகளையும், மீன்முள்ளை ஒரு காகிதத்தில்கூடச் சுற்றாமல் வீசுகிற கனவான்களையும் வருஷக்கணக்காய்ப் பார்த்தவள். அவளுக்கு வாந்தி வராது, வசவுதான் வரும். "துன்னத் தெரியுது, கட்டிப் போடத் தெரியல, இதுங்கல்லாம் படிச்சதுங்களாம்" என்று மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டிக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கே இந்தத் தை மாதத்தில் வயிற்றைப் புரட்டிவிட்டது. அதற்குக் காரணம் ஒரு செக்.

இரும்புலியூரில் அவள் குடியிருந்த ஓட்டு வீட்டை இடித்து ஃபிளாட் கட்டப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். தனிக்கட்டையாய் இருந்தால் எங்காவது முடங்கிக்கொள்வாள். புருஷன் போன புதிதில் அப்படியும் கிடந்திருக்கிறாள். ஆனால் இப்போது மகள் சுபத்ரா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வயிறு இறங்கிவிட்டது, இன்றோ நாளையோ என்கிற நிலை. தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைத்தாச்சியை 'வூடு இல்லம்மா, திரும்பிப் போ' என்று அனுப்பினால் சம்பந்தி வீட்டார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

முடிச்சூரில் ஜெயவேலு என்று ஒருத்தர். ஒரு காலத்தில் நெல் விளைந்த தன் நிலத்தில் வரிசையாகப் போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். அதில் ஒன்று காலியாக இருந்தது. அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம்.

"வெள்ளிக்கிழம சாயந்தரத்துக்குள்ள கேஷா குடுத்துடும்மா. செக்கு கிக்குன்னு இழுத்துக்கினு வராத, நான் வாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டார்.

சாமுண்டீஸ்வரி அடுக்ககச் சங்கத்தின் பொருளாளர் உமேஷிடம் முன்பணம் கேட்டாள். உமேஷுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன்தான், யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டான். ஆனால் எதையும் நேராகச் செய்யவும் மாட்டான்.

"அட்வான்ஸ்க்கு பாலிசி இல்லையே சாமுண்டிம்மா. நான் வேற ஐடியா பண்றேன்" என்றான்.

ஐடியா என்னவென்று குடியரசு தினத்தன்று தெரிந்தது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த கையோடு அவளை மேடைக்குக் கூப்பிட்டு, 'சிறந்த பணியாளர்' என்று சால்வை போர்த்தி, சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் கையால் செக் கொடுத்தார்கள். கேட்ட அதே இருபத்தைந்தாயிரம், அதுவும் இனாம்! திருப்பித் தரவே வேண்டாமாம். சாமுண்டீஸ்வரி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அதையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். தலைவர் அன்று ராத்திரியே நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு விமானம் ஏறிவிட்டார்.

மறுநாள் தாம்பரத்தில் வங்கிக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் செக்கைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாஸ்புக் குடுங்கம்மா."

"பாஸ்புக்கெல்லாம் இல்லம்மா. துட்டு குடுத்தா வாங்கிக்கினு போய்டுவேன்."

"தர முடியாதும்மா. மேல மூலையில ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்காங்க பாருங்க. இது உங்க அக்கவுண்ட்லதான் போய் விழணும். கோடு போடாம இருந்திருந்தா இங்கயே கையில குடுத்திருப்போம்."

சாமுண்டீஸ்வரிக்கு அக்கவுண்ட் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. சிறுகச் சிறுகப் போட்டு வைத்ததை, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் அபராதமாக முழுசாய் வழித்துத் தின்றுவிட்டார்கள். போட்டு வைத்த ஏழைக்கே தண்டம் போடுகிற இடத்துக்கு இனி செருப்பைக்கூட அனுப்பமாட்டேன் என்று அன்றைக்கு வந்தவள்தான். சம்பளத்தைக் கான்ட்ராக்டர் கையில் கொடுத்துவிடுவதால் இத்தனை நாள் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

அந்தப் பெண் இரக்கப்பட்டு, பணம் போடாமலே புது அக்கவுண்ட் திறக்கலாம் என்று சொல்லி ஆதார் அட்டையை வாங்கிக் கைரேகை மெஷினை நகர்த்தினாள். கட்டைவிரலை வைத்தாள், எடுக்கவில்லை. அடுத்த விரல், அதுவும் இல்லை. பத்து விரலையும் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தாயிற்று.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"கக்கூஸ் களுவுற ஆசிட்டு. ரேகைல்லாம் எப்பவோ போயிடுச்சி."

போனுக்கு நம்பர் வரும், அதைச் சொன்னாலும் போதும் என்றாள் அந்தப் பெண். ஆதாரில் இருந்ததோ செத்துப்போன புருஷனின் நம்பர். அதை மாற்ற ஆதார் மையத்துக்குப் போக வேண்டும், மாறி வரச் சில நாள் ஆகும் என்று சொல்லிவிட்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சாமுண்டீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலம் உமேஷைப் பிடித்தாள்.

"இன்னா சார் இது, கோடு போட்டுக் குடுத்துக்கீறீங்க?"

"அது சேஃப்டிம்மா. எந்த செக்கா இருந்தாலும் நான் முதல்ல கோடு போட்டுடுவேன். தொலைஞ்சு போனாக்கூட வேற யாரும் எடுக்க முடியாது."

"என்னாலயே எடுக்க முடியலியே சார். கோடு இல்லாம வேற ஒண்ணு எழுதிக் குடு."

"தலைவரும் சைன் பண்ணணுமே. அவர் ஒரே ஒரு லீஃப்லதான் சைன் போட்டுட்டுப் போனார்."

"சரி, உன் கையில இருந்து குடு சார். அப்புறமா வாங்கிக்கோ."

"என் பர்சனல் பணம்னா ஆடிட்ல எப்படிக் காட்டறது?" என்றான் உமேஷ், நிஜமான வருத்தத்தோடு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி அமெரிக்காவில், பூசாரி கையில் பேனா. இரண்டு நாள் வீடு வீடாகக் கைமாற்றுக் கேட்டாள். போட்டோவுக்குக் கைதட்டின அத்தனை பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள், இப்போதெல்லாம் யாரிடம் கேஷ் இருக்கிறது, எல்லாம் போனில்தான் என்று. முதல் மாடி பாலாம்பாள் மாமி, "ஆத்துல நூறு ரூபா நோட்டைக் கண்ணால பாத்தே மாசமாச்சுடி" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள். மாமி பின்னால் இருந்த பூஜை அலமாரியில் திருப்பதி உண்டியல் கழுத்துவரை நிரம்பி இருந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது சாமுண்டீஸ்வரிக்கு. இல்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டும், எதற்கு நெஞ்சில் கையை வைக்கிறார்கள்?

வேறு வழி தெரியாமல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆதார் மையத்து வரிசையில் போய் நின்றாள். மத்தியானம் வரை நின்றும் டோக்கன் தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அடுக்ககத்துக்குத் திரும்பினபோது முந்தினநாள் ராத்திரிக் குப்பையும் அன்றைய குப்பையும் தொட்டியை மீறி வழிந்து, வெயிலில் புளித்து, லிஃப்ட் வாசல் வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது.

"எங்கேடி போய்த் தொலைஞ்சே? நாத்தம் குடலைப் பிடுங்கறது!" என்று கத்தினாள் பாலாம்பாள்.

சாமுண்டீஸ்வரி, குடியிருப்பவர்கள் சாயங்காலத்தில் காற்று வாங்குகிற சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் உட்கார்ந்ததில்லை, துடைத்துத்தான் இருக்கிறாள்.

"என் துட்டு கேஷா வந்தாத்தான் உங்க குப்ப போவும். அதுவரைக்கும் மோந்துக்கினு கெடங்க."

அரைமணி நேரம்தான் ஆயிற்று. கேஷே இல்லாத வீடுகளில் இருந்து கேஷ் வந்தது ஐயா! அரிசி டப்பாவில் இருந்து, பீரோத் துணிக்கு அடியில் இருந்து, சூட்கேஸில் இருந்து. பாலாம்பாள் கொண்டுவந்த நோட்டுகளில் மஞ்சளும் குங்குமமும் ஒட்டி இருந்தன. ஆடிட்டும் வாயைத் திறக்கவில்லை. உமேஷ் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டு, செக்கைத் திரும்ப வாங்கிக் கிழித்தான்.

"இந்தப் பணம் உங்களுக்குத்தான் சாமுண்டிம்மா. முதல்ல குப்பையை மட்டும் க்ளியர் பண்ணிடுங்க, ப்ளீஸ்."

"லேட்டாயிடும் சார். முடிச்சூர் போய்க் குடுத்துட்டு ஓடியாந்துடறேன்."

"போனா வரமாட்டே நீ" என்றாள் பாலாம்பாள்.

தூ என்று துப்பத் தோன்றியது. துப்பினால் அதையும் தான்தான் கழுவவேண்டும் என்பதால் விழுங்கிக்கொண்டு, மூன்று பிளாக்கையும் அள்ளி முடித்து, கழுவிவிட்டு, கவரை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் முடிச்சூர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். காலிப் போர்ஷன் வாசலில் யாருடைய பிரிட்ஜோ இறங்கிக்கொண்டிருந்தது.

"வேற பார்ட்டி வந்துட்டாங்கம்மா" என்றார் ஜெயவேலு.

"சாயந்தரம் வரைக்கும்னு சொன்னியே அண்ணா!"

"நீயும் வர்ல. அவங்க மத்தியானமே ஜிபேல போட்டுட்டாங்க."

"கேஷ்தான் வோணும்னு சொன்னது யாரு?"

"செவுத்துல இடிக்காம எறக்குங்கப்பா" என்று ஜெயவேலு பிரிட்ஜ் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷனிடம் அதற்குமேல் பேச அவளுக்கு வாய் கூசியது.

நந்தவனத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஓர் அறை உண்டு. கட்டும்போது, வேலை செய்கிறவர்கள் தங்குவதற்கு என்று பிளானில் காட்டி அனுமதி வாங்கின அறை. உள்ளே சங்கத்துக் கொலுப்படியும் யார் யாரோ கழித்துப்போட்ட சைக்கிள்களும்தான் தங்கியிருந்தன. பெருக்குகிறவள் அவள்தான், சாவியும் அவளிடம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை உமேஷ் நடைப்பயிற்சிக்கு இறங்கி வந்தபோது சைக்கிளெல்லாம் வெளியே சுவரோரம் நின்றது. உள்ளே பாய் விரித்து சுபத்ரா படுத்திருந்தாள். மூலையில் அடுப்பு எரிந்தது.

"என்ன சாமுண்டிம்மா இது? இதெல்லாம் அலவ்டு இல்லையே. கமிட்டில கேக்காம எப்படி..."

அவள் முந்தானையில் முடிந்திருந்த கவரை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இந்தா சார், அட்வான்ஸு. இருபத்தஞ்சாயிரம்."

உமேஷ் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான்:

"சங்கத்துல நாங்க கேஷா வாங்கறது இல்லைம்மா."

உள்ளே சுபத்ரா "அம்மா" என்று முனகிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். சாமுண்டீஸ்வரி ஓடிப்போய் மகளைத் தாங்கிக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள்.

"வாங்கலன்னா போ சார். எம் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சி. அந்தப் போன்ல ஒரு ஆட்டோவக் கூப்புடு. காசு எங்கையில கீது."