மூன்று ஆள் ஏறி நின்று தேர்ந்தெடுத்த வண்டி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெட்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இன்று ஆறு வெல்டிங் மெஷினோடு ஓடுகிற ஒர்க்‌ஷாப், நாலு கம்பமும் ஒரு தகரக் கூரையுமாக இருந்தபோது அதைத் தூக்கி நிறுத்தியவன் நான். தண்ணீர் டேங்கர் கட்டினேன். ஒட்டகம் ஏற்றும் வண்டி, படகு வைத்து இழுக்கும் டிரெய்லர், குதிரை நிற்கும் பெட்டி, எல்லாம் இந்தக் கை. பெரம்பலூர் பக்கம் ஏழு அறையோடு ஒரு வீடு, இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம், மகனுக்கு எஞ்சினியர் படிப்பு. படம் வரைந்து காட்டினால் எனக்குப் புரியாது. இரும்பைக் காட்டினால் அது எங்கே வளையும், எங்கே விட்டுப்போகும் என்று விரல் வைத்துச் சொல்வேன். இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு பெட்டி விஷயம் மட்டும் இன்றுவரை விளங்கவில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கிய சமயம், ஒரு காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் சக்கரம் வைத்த வெள்ளை வீடு ஒன்று நின்றது. கப்பலில் வந்து இறங்கியது, கஃபீல் அனுப்பினார் என்று சொல்லி இறக்கிவிட்டு லாரிக்காரன் போய்விட்டான். கஃபீல் என்றால் நமக்கு விசா கொடுத்த அரபு முதலாளி. எங்கள் கஃபீல் அபு ராஷித். நல்ல மனிதர், என் வயதுதான். கதவைத் திறந்து பார்த்தோம். நாலு கட்டில், சின்ன அடுப்பு, ஏசி, முகம் கழுவ ஒரு தொட்டி. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தகரப் பெட்டி, உள்ளே கட்டில், வந்து நிற்பது ஒர்க்‌ஷாப் வாசல். வேறு யாருக்காக இருக்கும்?

கொளச்சல்காரன் ஸ்டீபன் என்னிடம் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவன். அவன்தான் சீட்டு எழுதிக் குலுக்கினான்.

“அண்ணே, ஜன்னல் பக்கத்துக் கட்டில் ஒங்களுக்கு விழுந்திருக்கு. குடுத்து வச்ச ஆளு கேட்டியளா.”

“நமக்கெதுக்குப்பா இவ்ளோ மெத்தை? உக்காந்தா எந்திரிக்க முடியாது போலருக்கு.”

“எந்திரிக்காதிய. ஒங்க வேலைய நான் பாத்துக்கிடுதேன். சம்பளத்தை மட்டும் எனக்குத் தரச் சொல்லுங்க.”

மத்தியானம் அபு ராஷித் மகனோடு வந்தார். உள்ளே நாங்கள் பெட்டி படுக்கையை அடுக்கியிருந்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னது எங்களுக்குப் புரியவில்லை. பாதி அரபியும் பாதி இந்தியுமாகப் பேசிப் பேசிக் கடைசியில் தெளிந்தது. அது அவருக்கு. குளிர்கால லீவில் குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவதற்கு.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் எத்தனை அறை என்று அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். நான் முதன்முதலில் ருவைஸ் ரிஃபைனரிக்குக் கான்ட்ராக்டில் வந்தபோது எங்களை மணல் நடுவே தகரக் கேபினில்தான் போட்டார்கள். ஒன்றில் எட்டுப் பேர். சுவரில் முதுகு பட்டால் சுடும். ஏசி நின்றால் ஈரத் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு கிடப்போம். ஊருக்குக் கேசட்டில் பேசி அனுப்பும்போது ‘ரூம் நல்லா இருக்கு’ என்று சொல்வேன். நாலு வருஷம் அப்படி இருந்து வெளியே வந்த அன்று, இனி மணலில் தகரப் பெட்டிக்குள் தலை வைப்பதில்லை என்று சத்தியம் செய்தேன். இந்த மனிதர் அதையே காசு கொடுத்து, கப்பல் ஏற்றி வரவழைத்திருக்கிறார்.

பெட்டி வந்துவிட்டது, இழுக்க வண்டி இல்லை. அவரிடம் இருந்த கார்கள் எல்லாம் தரையை ஒட்டிப் போகிறவை. பெரிய ஜீப் ஒன்று வாங்கவேண்டும். “ஷூஃப், முருகேஸ். நீ பார், நீ சொல்” என்றார். மகன் ராஷித் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவன். வழவழவென்று ஒரு வண்டியின் படத்தை ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தான்.

இந்த இடத்தில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அறுபது முடிந்துவிட்டது. இனி விசா புதுப்பிக்க, இந்த ஆள் எனக்கு அவசியம் என்று கஃபீல் தனியாகக் கடிதம் கொடுக்கவேண்டும். என் வேலைக்கு இப்போது சாட்சி கடிதம்தான். வண்டி சரியாக அமைந்தால் அவரே மனசோடு கொடுப்பார் என்று கணக்குப் போட்டேன்.

ஷோரூமுக்குப் போனோம். பெஷாவர்காரர் ஒருவர் விற்பனையில் இருந்தார். நான் பளிங்குத் தரையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டேன்.

“சாச்சா, யே க்யா கர் ரஹே ஹோ?” பெரியவரே என்ன செய்கிறீர்கள் என்று பதறி ஓடிவந்தார். மயக்கம் போட்டுவிட்டேன் என்று நினைத்து ஒரு பாட்டில் தண்ணீரும் கையில். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி படுத்தேன்.

இரண்டு வண்டிகள் நின்றன. ராஷித் பார்த்து வைத்திருந்ததில் உடம்பே சட்டம், அடியில் தனி இரும்பு இல்லை. இன்னொன்றில் ஏணி மாதிரி இரண்டு நீள இரும்பு ஓடி, அதன் மேல் உடம்பை உட்கார்த்தியிருந்தார்கள். இரண்டுமே மூன்று டன் இழுக்கும் என்று அச்சடித்த தாளைக் காட்டினார் பெஷாவர்காரர். இழுப்பது வேறு, தாங்குவது வேறு. டிரெய்லரின் மூக்கு வண்டியின் வாலில்தான் உட்காரும். அதைத் தாளில் பார்த்தால் போதாது. இரண்டையும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

பெட்டியின் மூக்கை மூன்று பேர் பிடித்தார்கள், அசையவில்லை. நாலாவது ஆள் கை வைத்ததும் எழுந்தது. மூன்று ஆள் ஏறி நிற்கிற பாரம் என்று முடிவு செய்து, ராஷித்தின் வண்டியில் பின் பம்பரில் மூன்று பேரை ஏற்றினேன். உள்ளே அவர்கள் வீட்டு ஏழு பேருக்கு நம் ஆட்கள் ஏழு பேரை உட்கார வைத்தேன்.

“அண்ணே, கணக்கு தப்பாக்கும்” என்றான் ஸ்டீபன்.

“என்னடா தப்பு?”

“நம்ம ஆளுவளைப் பாருங்க. கேம்ப் சாப்பாட்டுல வளந்த ஒடம்பு. நம்ம ரெண்டு பேரு சேந்தாத்தான் அங்க ஒரு ஆளு.”

பெஷாவர்காரரே சிரித்துவிட்டார். மடியில் ஆள் வைத்துப் பன்னிரண்டு பேரை உள்ளே திணித்தோம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்த இடம் நாலு விரல் ஆயிற்று. வண்டி முகத்தைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. முன் சக்கரம் தரையைச் சரியாக மிதிக்காத வண்டியில் மணலில் திரும்ப முடியுமா? இன்னொன்றில் அதே ஆட்களை ஏற்றினேன். இரண்டு விரல் இறங்கியது, அவ்வளவுதான்.

“ஹாதா ஸைன்” என்று அதன் கதவைத் தட்டினேன். இது நல்லது. ராஷித் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துச் சாண் எப்படி, விரல் எப்படி என்று கேட்டு ஃபோனில் குறித்துக்கொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. படித்த பையன் கேட்டு எழுதுகிறான் இல்லையா.

வண்டி வாங்கியாயிற்று. கொக்கியை நானே பற்றவைத்தேன். முதல் பயணத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள், அல் அய்ன் போகும் வழியில் ரோட்டை விட்டு விலகி மணலுக்குள். பெட்டியும் வண்டியும் ஒரே உடம்பு மாதிரி மேடு ஏறின. பெட்டியை நிறுத்தி மட்டம் பார்த்துக் கால் ஊன்றிக் கொடுத்தேன். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. குடும்பம் மொத்தமும் வெளியே கம்பளம் விரித்து மணலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே ஒருவர்கூடப் போகவில்லை. “நீ களைத்திருக்கிறாய், உள்ளே போய்ப் படு” என்று அபு ராஷித் என்னைக் கையைப் பிடித்து அனுப்பினார். சீட்டில் எனக்கு விழுந்த அதே ஜன்னல் கட்டில். அறை ஏழு உள்ள என் வீடு பெரம்பலூரில் பூட்டிக் கிடக்க, பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் மணலில் உட்கார்ந்திருக்க, சத்தியம் செய்த நான் தகரப் பெட்டியில் படுத்திருக்கிறேன். சிரிப்பதா, எழுந்து போவதா தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அபு ராஷித் விருந்தாளிகளிடம் பேசுவது கேட்டது. முப்பது வருஷத்தில் அவ்வளவு அரபி புரியும். என் மகன் தேர்ந்தெடுத்த வண்டி, மூன்று ஆளை நிற்க வைத்துச் சோதித்தான், படிப்பு வீண்போகவில்லை என்றார்.

இறங்கிப் போய் நின்றேன். “அர்பாப், அனா. மூணு நஃபர் நிக்க வச்சது அனா” என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன். முதலாளி, அந்த மூன்று ஆளை நிற்க வைத்தது நான் என்று சொல்லப் போய், பாதி தமிழாகவே வந்துவிட்டது. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். நான் பசியைச் சொல்கிறேன் என்று நினைத்து, அபு ராஷித் இறைச்சியில் நல்ல துண்டாக எடுத்துத் தட்டில் வைத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அந்த மரியாதையைத் தட்டவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ராஷித் தலையைக் குனிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ராஷித்தான் டைப் அடித்திருந்தான். இங்கிலீஷ். ஸ்டீபன் வாசித்துவிட்டு நிறுத்தினான்.

“என்னடா போட்டிருக்கு?”

“அவசியமான ஆளுன்னு போட்டிருக்கு அண்ணே.”

“என்ன ஆளு?”

“ஹெல்பர்.”

“ஹெல்பரா?”

“விசா ஆஃபீஸ்ல குடுத்துடுங்க அண்ணே. விசா அடிச்சாப் போதும்லா. பேப்பர்ல என்ன போட்டா ஒங்களுக்கென்ன?”

அவன் சொல்வது நியாயம். கொடுத்தால் இன்னும் இருக்கலாம். கொடுக்காவிட்டால் இந்த மாதக் கடைசியில் ஊர், ஏழு அறை, அங்கே லீவுக்கு வந்தால் என்னை விருந்தாளி போலப் பார்க்கிற பேரப்பிள்ளைகள். இரண்டு நாளாகக் கடிதம் என் சட்டைப் பையில் இருக்கிறது. பக்கத்தில் பெரம்பலூர் வீட்டுச் சாவி. குனிந்து வெல்டிங் வைக்கும்போது இரண்டும் சேர்ந்து நெஞ்சில் குத்துகின்றன.

ஊரில் இருக்கிறவர்களும் இங்கே இருக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சம்பளம் கூட்டவேண்டாம். நாளைக் காலையில் இந்தக் கடிதத்தை அபு ராஷித் மேஜையில் திருப்பி வைக்கப் போகிறேன். ஒரே ஒரு வார்த்தையை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அரபியிலோ இங்கிலீஷிலோ, அவர்களுக்கு எது வசதியோ அதில் எழுதித் தரட்டும்: இந்த ஒர்க்‌ஷாப்பைக் கட்டியவன், அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவன், முருகேசன்.