மூல்தெப் பழச் சாட்சி

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பா பாஸ்டர். மற்ற நாட்களில் அவருக்குப் பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த வீட்டில் மேலே இரண்டு அறைகள், கீழே ஒரு முன்னறை. அந்த முன்னறை எங்களுடையது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. விசா மறுக்கப்பட்டவர்கள், புருசனோடு கோபித்துக்கொண்டு வந்தவர்கள், பரீட்சைக்கு முதல்நாள் ஜெபத்துக்கு வந்த பெடியன்கள் என்று யாராவது எப்போதும் அங்கே இருந்தார்கள். "பிள்ளை, மேலே போய்ப் படியுங்கோ" என்று அம்மா என்னை அனுப்பிவிடுவார். நான் படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்து படிப்பேன். அங்கிருந்தால் எல்லாம் வடிவாகக் கேட்கும்.

எங்கள் சோபா ஒருவர் தந்தது. சாப்பாட்டு மேசை இன்னொருவர் தந்தது. என் சட்டைகள் முழுச் சபையும் சேர்ந்து தந்தவை. ஆராதனை முடிந்து வரும்போது யாராவது என் தோளைத் திருப்பிப் பார்த்து, "இது என்ரை மூத்தவளின்ரை சட்டையெல்லோ, உமக்கு நல்லா இருக்கு" என்பார்கள். நான் பல்லைக் காட்டவேண்டும். ஊழியக்காரரின் பிள்ளைக்கு அதுவும் ஓர் ஊழியம்.

ஆனால் உண்மையான சோதனை சாட்சி நேரம்தான். நாங்கள் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கராத்தே வகுப்பு முடிந்து, கதிரைகளை அடுக்கி, இரண்டு பாட்டுப் பாடி முடிந்ததும், "கர்த்தர் இந்தக் கிழமை செய்த நன்மையை ஆராவது சொல்ல விரும்புறீங்களோ?" என்று அப்பா கேட்பார். யாரும் எழும்பாவிட்டால் அவருடைய பார்வை மெல்ல என்னிடம் வரும். சாட்சி சொல்வதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று விவரமாகச் சொல்லவேண்டும். அப்போதுதான் சனம் நம்பும். என்னிடம் விவரம் இருந்தது, விஷயம்தான் இல்லை. காணாமல்போன பென்சில் பெட்டி கிடைத்தது, பல்வலி நின்றது, இவ்வளவுதான் என் வாழ்க்கையில் நடந்த அற்புதங்கள். பென்சில் பெட்டியை மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

கோடை விடுமுறைக்கு சபையின் மற்றப் பிள்ளைகள் பாரிசில் இருந்த பெரியப்பா, சித்தப்பா வீடுகளுக்குப் போனார்கள். நாங்கள் ஊழியத்துக்காக நோர்வே போனோம். வடக்குக் கரையில், மீன் கொம்பனியை நம்பிப் பிழைத்த ஒரு சிறிய ஊர். அங்கே முப்பது தமிழ்க் குடும்பங்கள்கூட இல்லை. நிரந்தரமான பாஸ்டர் கிடையாது. வருடத்துக்கு நான்கு கிழமை அப்பாதான் அவர்களுக்குப் பாஸ்டர். குளிர் தேசத்துக்குப் போய்க் கஷ்டப்படுகிறோம் என்று லண்டன் சபை எங்களுக்காக உபவாசம் இருந்தது. அங்கே நாங்கள் பட்ட ஒரே கஷ்டம் கோழிக்கறி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சாப்பாடு. பாஸ்டருக்கு மீன் கொடுப்பது மரியாதையில்லை என்று எல்லா வீட்டிலும் கோழிதான் சமைத்தார்கள். உலகத்திலேயே திறமான மீன் பிடிபடும் ஊரில் நான்கு கிழமையும் நாங்கள் கோழி சாப்பிட்டோம்.

நாங்கள் தங்கியது நோர்வே மாமாவின் வீட்டில். உண்மையில் அவர் எனக்குச் சொந்தமில்லை. அப்பாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் மகளுக்கும் அதே வயது. மாமா அதிகம் பேசமாட்டார். பேசினால் பாதி நேரம் ஒரு நோர்வேக் கிழவியைப் பற்றித்தான் இருக்கும். மீன் வெட்டும் மேசையில் பதினொரு வருடம் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள், இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். மகள் பிறக்க மாமிக்கு வயிற்றுவலி கண்ட அன்று பனி கொட்டி வழியே தெரியாமல் இருந்ததாம். கிழவிதான் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாளாம். அந்த ஊரில் மாமா முன்கதவைத் தட்டாமல் உள்ளே போகக்கூடிய வெள்ளைக்கார வீடு அவளுடையது ஒன்றுதான்.

"அவ ஆண்டவருக்குள்ள வந்திட்டாவோ?" என்று அப்பா ஒவ்வொரு கோடையிலும் கேட்பார்.

"என்ரை வீட்டுக்கு வாறா, பாஸ்டர். இப்போதைக்கு அது காணும்" என்பார் மாமா.

அந்தப் பகுதியில் கோடையில் மூல்தெ என்று ஒரு பழம் காய்க்கும். சேற்று நிலத்தில், ஒரு சாண் உயரச் செடியில், ஒரு காம்புக்கு ஒரே ஒரு பழம். தோட்டத்தில் வளர்க்க ஏலாது, தேடித்தான் பிடுங்கவேண்டும். நல்லாகக் காய்க்கும் இடம் தெரிந்தவர்கள் அதை ஒருவருக்கும் சொல்லமாட்டார்கள். வீட்டில் பணம் எங்கே இருக்கிறது என்றாலும் சொல்லுவார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். கிழவியின் இடம் அவளுடைய தகப்பன் காட்டியது. சொந்த மருமகளுக்கே அவள் அதைக் காட்டவில்லை. மாமாவுக்குக் காட்டியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை, பழம் பதமாகிவிட்டதா என்று பார்த்துவர மாமா புறப்பட்டார். புதன்கிழமை கிழவியும் அவரும் வாளியோடு போவதாக ஏற்பாடு. மாமிக்கு அன்று ஷிப்ட், என் அம்மாவும் அப்பாவும் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் தனியே விட ஏலாது என்று கூட்டிக்கொண்டு போனார். கார் நின்ற இடத்திலேயே எங்களை மறித்துவைத்துச் சொன்னார்:

"பிள்ளையள், இந்த இடத்தை ஒரு மனுசருக்கும் சொல்லக்கூடாது. நான் கிழவிக்கு வாக்குக் குடுத்தனான். விளங்குதோ?"

"ஓம் மாமா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பார்த்த இடமெல்லாம் பழம். சிவப்பு நிறத்தில் கல்லுமாதிரி இருப்பது காய். மஞ்சளாகி, தொட்டவுடன் கையோடு வருவதுதான் பழம் என்று மாமா காட்டினார். பழுத்தவை கொஞ்சம்தான். ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். செடியை மிதிக்காமல் எப்படி நடப்பதென்றும் காட்டினார். எனக்கு அந்தப் பழத்தைவிட, ஒரு இரகசியத்துக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டதுதான் இனித்தது.

மறுநாள் ஞாயிறு. மீன் கொம்பனியின் சாப்பாட்டு அறையில் கூட்டம். சாட்சி நேரத்தில் என்னைவிட ஒரு வயது மூத்த பெடியன் ஒருவன் எழும்பினான். படகுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் தண்ணீரில் விழுந்து, ஒருவர் தலைமயிரில் பிடித்துத் தூக்கிய கதையைச் சொன்னான். அல்லேலூயா கூரையைத் தொட்டது. கடலில் விழ எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. அப்பாவின் பார்வை என் பக்கம் வந்தது. லண்டனில் இருந்து வந்த பாஸ்டரின் மகள் பென்சில் பெட்டியோடு நிற்க ஏலுமா? எழும்பினேன்.

வாக்கை மறந்துவிட்டேன் என்று இன்றைக்குச் சொன்னால் அது பொய். வடிவாக நினைவிருந்தது. மாமா மனுசருக்குத்தான் சொல்லக்கூடாது என்றார். சாட்சி கடவுளுக்குச் சொல்வது. சனம் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. அதோடு, மாமாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அவரைப் பற்றி மூச்சே விடவில்லை.

"நேற்றுக் காலமை கர்த்தர் என்னை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர்" என்று தொடங்கினேன். அப்பா சொல்லித்தந்தபடி இடத்தை விவரித்தேன். கவிழ்த்துக் கிடக்கும் பழைய படகு, அதற்குப் பின்னால் ஓடை, ஓடையைத் தாண்டி இரண்டு பெரிய கல், கல்லுக்கு நடுவால் இறங்கினால் கானான் தேசம். அங்கே மூல்தெப் பழம் எண்ணிக்கையில்லாமல் இருக்கிறது, நான் சாப்பிட்டேன், தேன்மாதிரி இருந்தது, ஆமென்.

முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமா கண்ணைத் திறந்தார். சாட்சியை இடையில் மறிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கிடைத்த அல்லேலூயா, கடலில் விழுந்தவனுக்குக் கிடைத்ததைவிடப் பெரியது.

நான் தங்கியிருந்தது மாமா வீட்டில், அவரைத் தவிர வேறு ஆர் கூட்டிக்கொண்டு போயிருப்பார் என்று சனம் ஊகித்துவிட்டது. தேநீர் நேரத்தில் மாமாவைச் சுற்றிக் கூட்டம். "இன்னும் பழுக்கேல்லை, ஒரு கிழமை பொறுங்கோ" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"பழுத்துக் கிடக்கெண்டு பாஸ்டரின்ரை பிள்ளை சாட்சி சொன்னதல்லோ?" என்றார் ஒரு அன்ரி.

அதற்கு மேல் அவர் என்ன சொல்வது? மறுத்தால் நான் பொய்க்காரி; பேசாமல் இருந்தால் எல்லாம் தனக்கே வேண்டுமென்று ஒளிக்கிற மனுசன். மாமா பேசாமல் இருந்தார்.

கூட்டம் கலைந்த கையோடு ஆறு கார்கள் புறப்பட்டன. அங்கே கோடையில் வெளிச்சம் போவதில்லையாதலால் ஒருவருக்கும் அவசரமில்லை. வாளி இல்லாதவர்கள் சோற்றுப்பானையோடு வந்தார்கள். சிவப்பாக இருப்பதுதானே பழம் என்று காயையெல்லாம் உருவினார்கள். நான் மாமா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டால் காய்தான் ருசி என்றார்கள். உண்மையில் ருசியாகத்தான் இருந்தது. என் அப்பா ஒரு கல்லின்மேல் ஏறி நின்று நன்றி ஜெபம் செய்தார். அவருக்கு அந்த வாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் திரும்பும்போது அந்த இடம் மாடு உழக்கிய வயலாகக் கிடந்தது. எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். அன்றைக்கு நான்தான் ராசாத்தி.

மாமா வரவில்லை. வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய கார்.

மறுநாள்தான் அவர் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பா என்னைக் கூப்பிட்டார். "சொல்லக்கூடாதெண்டு மாமா உம்மட்டைச் சொன்னவரோ?"

"மனுசருக்குத்தானே அப்பா சொல்லக்கூடாது. நான் கர்த்தருக்குத்தான் சொன்னனான்."

எதற்கும் ஒரு வசனம் வைத்திருக்கும் அப்பாவிடம் இதற்கு வசனம் இருக்கவில்லை. மாமாவிடம் போய், தானே கிழவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார்.

"வேண்டாம் பாஸ்டர்" என்றார் மாமா. "நீங்கள் வந்தால் அதுவும் ஒரு கூட்டமாப் போயிடும். நானே சொல்றன்."

வாதத்தில் நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்களும் செவ்வாயும் மாமா கிழவி வீட்டுக்குப் போவதற்குச் சப்பாத்தைப் போட்டார், பிறகு கழற்றினார். புதன்கிழமை அவளே வந்தாள். ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டாள் என்பது அவளுடைய கால்களில் ஒட்டியிருந்த சேற்றில் தெரிந்தது. காரின் பின்சீற்றில் இருந்து ஐஸ்கிறீம் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். இத்தனை வருடமும் மாமி ரோல்ஸ், கட்லட், பலகாரம் வைத்துக் கொடுத்துவிட்ட பெட்டிகள். எல்லாம் கழுவி, மூடி பொருத்தி, நூலால் கட்டியிருந்தாள். வாசலில் நின்ற என்னிடம் தந்தாள். என் தலையைத் தடவிவிட்டாள் என்றுகூட நினைவு.

மாமா வெளியே வந்தார். அவள் குரலை உயர்த்தாமல் ஏதோ கேட்டாள். மாமா தலையைக் குனிந்து இரண்டு வார்த்தை சொன்னார்.

"என்னவாம்?" என்று மாமாவின் மகளிடம் கேட்டேன்.

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறா. தான்தான் எல்லாருக்கும் சொன்னதெண்டு அப்பா சொல்றார்."

கிழவி தலையாட்டினாள். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். காரில் ஏறிப் போனாள். எங்கள் சபையில் சண்டை வந்தால் தெருவுக்கே கேட்கும். இங்கே சத்தமே இல்லை, கையும் கொடுத்தாயிற்று, அப்படியென்றால் எல்லாம் சரி என்று எனக்குச் சந்தோஷம். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினேன்.

"மாமி, உங்கடை பெட்டியெல்லாம் கழுவித் தந்திட்டா!"

மாமி வாங்கினார். எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல அவற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

அடுத்த கோடையில் நாங்கள் போனபோது கிழவியைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் மாமா வீட்டார் லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸில் குடியேறினார்கள். பிள்ளையின் படிப்புக்காக என்றார்கள். அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். என் கலியாணத்துக்கு வந்த மாமா என்னைப் பிடித்துக் கொஞ்சி, கண் கலங்கினார். அவர் என்னை ஒருநாளும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை படுக்கப்போகுமுன் எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. மாமா பொய் சொல்லிவிட்டார். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லையே, சொன்னது நான்தானே. பொய் சொன்னவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, மாமாவை மன்னித்துவிடும்படி கடவுளிடம் வெகுநேரம் மன்றாடினேன். எனக்கென்று கேட்க அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை.