சிரிக்க முடியாத கல்யாணம்

தங்கச்சி கல்யாணப் போட்டோவில் முகம் ஒல்லியாகத் தெரியவேண்டும் என்று, எங்கள் ஊரான மாசாயில் ஓர் அழகு நிலையத்தில் தாடைத் தசையைத் தளர்த்தும் ஊசி போட்டுக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சில நாளில் சிரித்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பதறிப்போய் கிளினிக்குக்கு ஓடினேன்.

"மருந்து தானா இறங்கணும்மா. ரெண்டு மூணு மாசம் ஆகும்," என்றார் டாக்டர்.

கல்யாணத்துக்குப் பத்தே நாள். என் முகத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

மேடையில் வாயை இறுக்கி மூடியபடி நின்றேன். "அக்கா, சிரிங்க லா!" என்று போட்டோக்காரர் விடாமல் கத்தினார். மாலையும் கழுத்துமாக இருந்த தங்கச்சி என் காதருகே குனிந்தாள்.

"இந்தக் கல்யாணம் உனக்குப் பிடிக்கலையாக்கா?"

அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் மறைக்க முடியாமல் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

"ஐயோ, என்னக்கா பண்ணிக்கிட்ட?" என்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் சிரிப்பு சரியாகிவிட்டது. தாலி ஏறிய நாளில் அவளை அப்படிக் கேட்கவைத்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.